உள்ளார யாரு இருக்கறீங்க

அத்தையின் மாந்தோப்புக்குக் கம்பிக்கதவு இருந்தது, பூட்டு இருந்ததில்லை. ஒரு கயிற்று வளையத்தைத் தூக்கினால் திறந்துகொள்ளும். வெள்ளாடுகூட மூக்கால் தள்ளி உள்ளே வந்துவிடும். மனிதர்கள்தான் அப்படி வந்துவிட முடியாது. வெளியே நின்று குரல் கொடுக்க வேண்டும். "யாரு?" என்று உள்ளிருந்து அத்தை கேட்பார். பெயரையும் வந்த காரியத்தையும் சொல்ல வேண்டும். "சரி, போங்க" என்று பதில் வந்த பிறகு நுழையலாம். திரும்பும்போது கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொல்லாமல் போனவர் அடுத்த முறை வந்து நின்றால், "போன தடவை உள்ள போனவன் இன்னும் வெளியவே வரலியே, நீ யாரு?" என்பார்.

அத்தை என்று நான் சொல்வது என் அக்காவின் மாமியாரை. சூளகிரியிலிருந்து கிருஷ்ணகிரி போகும் வழியில், நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, எங்கள் நிலமும் அவர் தோப்பும் ஒரே வரப்பைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. அவர் போய் இரண்டு மாம்பழப் பருவம் ஆகிவிட்டது. தோப்பு குத்தகைக்குப் போயிருக்கிறது. கம்பிக்கதவில் இப்போது பூட்டுத் தொங்குகிறது.

தமிழில் கூப்பிட்டவருக்கு அவர் தமிழில் பதில் சொல்வார். தெலுங்கில் கூப்பிட்டால் தெலுங்கு, கன்னடத்தில் கூப்பிட்டால் கன்னடம். இந்தியில் கூப்பிட்ட ஒரு கிரானைட் லாரி டிரைவருக்காக மட்டும் அடுப்பை அணைத்துவிட்டு நேரில் எழுந்து வந்தாராம். அந்த ஆள் தண்ணீர்தான் கேட்டிருக்கிறார்.

கேட்டவர்களுக்கு அவர் இல்லை என்று சொன்னதை நான் அதிகம் பார்த்ததில்லை. நிலத் தரகர்கள் மட்டும் விதிவிலக்கு. அவர்களும் முறையாகக் குரல் கொடுத்து, காரியத்தைச் சொல்வார்கள். "கேட்டீங்க இல்ல? வேண்டாம்னு சொல்லிட்டேன். போயிட்டு வாங்க." அத்தோடு முடிந்தது. அவர்கள்மேல் அவருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. கேட்காமல் வந்தவர்கள்மேல்தான் கோபம்.

ஒரு முறை லைன்மேன் ஒருவர், கம்பியில் உரசும் கிளையை வெட்டுவதற்காக, பின்பக்க வேலியைத் தாண்டி வந்து கம்பத்தில் ஏறிவிட்டார். அத்தை கம்பத்தடியில் போய் நின்றார்.

"எறங்கு. வெளிய போயி கூப்புடு."

"யம்மா, கரண்டு ஆஃப் பண்ணிட்டு ஏறியிருக்கேன். ஊரே ஃபேன் இல்லாம கெடக்குது."

"அப்ப சீக்கிரமாப் போயி கூப்புடு."

லைன்மேன் இறங்கினார். வேலியைத் தாண்டப் போனவரை அத்தை தடுத்து, கம்பிக்கதவு வழியாகவே போகச் சொன்னார். அவர் வெளியே நின்று, ஊருக்கே கேட்கும்படி தன் பெயர், தகப்பன் பெயர், வேலை எல்லாவற்றையும் கத்திச் சொன்னார். "சரி, போங்க" என்றார் அத்தை. வேலை முடிந்து போகும்போது அவருக்கு மோரும் ஒரு பை மாங்காயும் கிடைத்தன. அதன் பிறகு அவர் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் வேலையே இல்லாவிட்டாலும் நின்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போவார்.

இதைச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம். சிரிக்க முடியாததும் ஒன்று உண்டு. மாமா, அதாவது அக்காவின் கணவர், ஓசூரில் ஷிப்டு முடித்து வந்த ஒரு நாள் நல்ல மழை. அத்தை சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தார். பெற்ற மகன் கதவுக்கு வெளியே நனைந்தபடி "அம்மா, நான்தான்" என்று கூப்பிட்டுக்கொண்டே நின்றிருக்கிறார். பூசை முடிந்துதான் பதில் வந்தது. அக்கா இதை என்னிடம் சொன்னபோது அவள் குரலில் சிரிப்பு இல்லை.

ஏன் இப்படி என்பதற்கு ஊரில் காரணங்கள் பல இருந்தன. சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவர், பயம் என்றார்கள். நிலத்துத் திமிர் என்றார்கள். எனக்கு எதையும் வரிசைப்படுத்திக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம். நேராக அவரிடமே கேட்டேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"தோப்புன்னா மருந்து அடிக்கறோம், மரம் அறுக்கறோம், சருகுக்கு நெருப்பு வெக்கறோம். உள்ளார யாரு இருக்காங்கன்னு தெரியாம எப்பிடி பாப்பா செய்யறது?"

அவ்வளவுதான் சொன்னார். மருந்து அடிப்பதற்கு முன்பும் நெருப்பு வைப்பதற்கு முன்பும், ஒவ்வொரு நாளும் பொழுது சாயும்போதும், தோப்பின் நீளத்துக்கு நடந்து, "உள்ளார யாரு இருக்கறீங்க? வெளிய வாங்க" என்று கூப்பிடுவார். குரல் வரப்பைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வரும். அதைக் கேட்டுத்தான் அம்மா விளக்கேற்றுவாள்.

நான் பர்கூரில் மெக்கானிக்கல் படித்துவிட்டு, ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிரிவில் சேர்ந்தேன். ஒரு மெஷினைத் திறந்து கை வைப்பதற்கு முன் மின்சாரத்தை அணைக்க வேண்டும். அணைத்த சுவிட்சில், உள்ளே வேலை செய்யப்போகும் ஒவ்வொருவரும் அவரவர் பூட்டை மாட்ட வேண்டும். கடைசிப் பூட்டு கழன்ற பிறகுதான் மெஷின் ஓடும். முதல் நாள் பயிற்சியில் இதைச் சொல்லிக்கொடுத்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயிற்சி கொடுத்தவர் முறைத்தார். பூட்டே இல்லாத ஒரு தோப்பில் இதே வேலையை வாயாலேயே செய்யும் ஒருவர் எங்கள் வீட்டுக்குச் சம்பந்தி ஆகப்போகிறார் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அக்காவுக்கு அந்த வீட்டில் பேசி முடித்திருந்தார்கள்.

அதுவரை அப்பாவும் எல்லோரையும் போல நின்று கூப்பிட்டவர்தான். எங்கள் மாடு வரப்பு தாண்டித் தோப்புக்குள் போய்விட்டால்கூட, கைக்கெட்டும் தூரத்தில் மாடு நிற்க, அப்பா சுற்றிக்கொண்டு போய்க் கம்பிக்கதவில் நின்று, "அம்மா, மாடு வந்துடுச்சு, பிடிச்சுக்கட்டுமா?" என்பார். "பிடிச்சுக்கோங்கண்ணா" என்று பதில் வரும். இருவருக்கும் அதில் ஒரு குறையும் தெரிந்ததில்லை.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன அன்று நாங்கள் இருபது பேர் தட்டுகளோடு போனோம். அப்பா முன்னால் நடந்தார். கம்பிக்கதவு வந்ததும் நின்றார். கையில் பழத்தட்டோடு, "அம்மா, நாங்கதான். வரலாமா?" என்று குரல் கொடுத்தார்.

பின்னால் எல்லோரும் சிரித்தார்கள். என் தாய்மாமன் மட்டும் சிரிக்கவில்லை. "பொண்ணு குடுக்கறவன் கதவுல நின்னு பர்மிஷன் கேக்கறதா?" என்றார். அது உள்ளே வரைக்கும் கேட்டுவிட்டது. அத்தை ஈரக்கையோடு ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான். கதவைத் தானே திறந்து, அப்பாவைப் பார்த்து, முதல் முறையாக அண்ணா என்று கூப்பிடாமல், "சம்பந்தி" என்றார். "இனிமே நீங்க வெளிய நின்னு குரல் குடுத்தா அவமானம் எனக்குத்தான். உங்க வீட்டுக்கு நீங்க வர்றதுக்கு யாரைக் கேக்கணும்?"

தாய்மாமன் முகம் மலர்ந்தது. அப்பா கூச்சத்தோடு தலையாட்டினார்.

அதன் பிறகு கொஞ்ச நாள் அப்பா பட்ட பாட்டைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. கதவுவரை போவார், வாயைத் திறப்பார், ஞாபகம் வந்து மூடிக்கொள்வார், கூப்பிடாமல் உள்ளே போகக் கால் வராது. கடைசியில் கம்பிக்கதவுப் பக்கமே போவதை விட்டுவிட்டு, வரப்பில் ஏறிக் குறுக்கே இறங்க ஆரம்பித்தார். மகளைக் கொடுத்த உறவில் அத்தை எங்கள் நிலத்துக்குத் தண்ணீரும் கொடுத்திருந்தார். அவர் கிணற்றிலிருந்து தோப்பின் கடைசியில் இருக்கும் ஓடைக்கரை வழியாக எங்கள் நிலத்துக்குக் குழாய் வந்தது. அதைப் பார்க்க அப்பா தினமும் போக வேண்டியிருந்தது.

அக்கா மட்டும், மருமகளாகப் போன முதல் நாளே கதவுக்கு வெளியே நின்று, "அத்தை, நான்தான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் அதை விடவே இல்லை.

பன்றிகள் இதற்கெல்லாம் முன்பே வந்துவிட்டிருந்தன. தோப்புக்கு மேற்கே இருந்த மானாவாரி நிலங்களை யாரோ வாங்கி, மனை பிரித்து, வேலி போட்டு, பெரிய பூட்டுப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மனை வாங்கியவர்கள் எல்லாம் பெங்களூரில். பலகையில் எழுதியிருந்த நம்பரை யாரும் எடுப்பதில்லை. உள்ளே உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்து, காப்புக்காட்டிலிருந்து இறங்கிய காட்டுப்பன்றிகளுக்கு நல்ல வீடாகிவிட்டது. அங்கே பெருகி, அத்தை தோப்பின் ஓடைவரை வந்து படுக்க ஆரம்பித்தன. விடிந்தால் எங்கள் கடலைக்காடு ஏர் ஓட்டியது போலக் கிடக்கும். சொட்டுநீர்க் குழாய்களைத் தண்ணீருக்காகக் கடித்துக் குதறிவிடும். தக்காளியை அவை தின்றதைவிட மிதித்தது அதிகம்.

சுற்றுவட்டாரத்தில் வலை கட்டி, நாய் விட்டுப் பன்றி பிடிக்கும் ஆட்கள் இருந்தார்கள். சட்டப்படி அது சரியா என்று நான் கேட்டபோது தாய்மாமன் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்கும் பக்கத்தில் நிலம் இருந்தது. பூட்டிய மனைகளுக்குள் யாரைக் கேட்டுப் போவது என்று தெரியவில்லை. கேட்பதற்கு ஆள் இருந்த ஒரே இடம் அத்தையின் தோப்புதான். ஆகவே எல்லோரும் அவரை நெருக்கினார்கள்.

அத்தைக்கு மனமில்லை. வேட்டைக்காரர்களின் தலைவர், தெலுங்கு பேசும் ஊர்க்காரர், நரைத்த மீசை, முறையாகக் கதவில் நின்று தமிழில் கூப்பிட்டார். அத்தை காரணத்தைத் தமிழிலேயே சொன்னார்.

"நீ கேக்கறப்பா. உன் ஆளுங்களும் கேப்பாங்க. நாய் கேக்குமா?"

"நாய்க்கெல்லாம் சேத்து நான் கேக்கறேன்மா. கணக்கு எம்பேர்லயே வெச்சுக்கோங்க."

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில்தான் அவர் சம்மதித்தார் என்று அக்கா சொல்வாள். ஆனால் நிபந்தனைகள் போட்டார். எல்லோரும் கம்பிக்கதவு வழியாகவே வர வேண்டும். ஒவ்வொருவரும் தன் பெயரைத் தானே சொல்ல வேண்டும். தான் தோப்பைச் சுற்றிக் கூப்பிட்டுப் பார்த்து, உள்ளே ஒருவரும் இல்லை என்று சொன்ன பிறகுதான் நாயை அவிழ்க்க வேண்டும். நாள் குறிக்க முடியாது என்றார் தலைவர். பன்றி எங்கே படுத்திருக்கிறது என்று காலடியைப் பார்த்து, அன்று காலையில்தான் சொல்ல முடியும்.

அவர்கள் வந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஓவர்டைமில் இருந்தேன். நடந்ததைப் பிறகு அக்கா, அம்மா, அப்பா, வேட்டைத் தலைவர் என நாலு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டு ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறேன்.

அப்பா காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று பார்த்தார். பன்றி கடித்திருக்கும், இணைப்புப் போட்டுவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லி, ரம்பப் பிளேடும் ஒரு துண்டுக் குழாயும் எடுத்துக்கொண்டு வரப்பில் ஏறி ஓடைக்குள் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் வேட்டைக்காரர்கள் கம்பிக்கதவில் வந்து நின்றார்கள். இன்றைக்கு ஓடையில்தான் படுத்திருக்கிறது என்றார்கள். ஒவ்வொருவராகப் பெயர் சொன்னார்கள். உள்ளே புல் அறுத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களை அத்தை வெளியே வரச் சொன்னார். பிறகு தோப்பின் நீளத்துக்கு நடந்து, ஓடைக்கரைவரை போய், "உள்ளார யாரு இருக்கறீங்க? வெளிய வாங்க" என்று வழக்கம்போலக் கூப்பிட்டார். நின்று கேட்டார். மறுபடியும் கூப்பிட்டார். திரும்பி வந்து தலைவரிடம், "யாரும் இல்ல. போங்க" என்றார்.

ஒரு பக்கம் வலை கட்டி, மறு பக்கமிருந்து நாய்களை விட்டார்கள். பெரிய ஆண் பன்றி ஒன்று வலைக்கு வராமல் ஓடைக்குள்ளேயே திரும்பியது. அங்கே அப்பா மண்டியிட்டுக் குழாயை அறுத்துக்கொண்டிருந்தார். பன்றியின் கோரைப்பல் தொடையை முழங்கால்வரை கிழித்துவிட்டது.

வேட்டைத் தலைவர்தான் தன் தலைத்துண்டால் தொடையைக் கட்டினார். தூக்குவதற்கு வேறு எதுவும் இல்லாததால், பன்றிக்குக் கொண்டுவந்த வலையில் அப்பாவைப் போட்டு நாலு பேர் தூக்கிவந்தார்கள். கம்பிக்கதவில் அத்தை நின்றிருந்தார். வலைக்குள் இருப்பது யார் என்று அவருக்குத் தெரிந்த அந்த நேரத்தைப் பற்றி அக்கா என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கு நான் கம்பெனி யூனிபார்மோடு போய்ச் சேர்ந்தேன். அப்பாவை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை, கால் பழையபடி வராது என்றார்கள். வராந்தாவில் அம்மா, அக்கா, மாமா, தாய்மாமன் எல்லோரும் இருந்தார்கள். அத்தை சுவரோரம் நின்றிருந்தார். அவர் பக்கத்தில் பெஞ்சு காலியாகத்தான் இருந்தது.

தாய்மாமன் கொதித்துக்கொண்டிருந்தார். உள்ளே ஆளை வைத்துக்கொண்டு நாயை அவிழ்க்கச் சொன்ன வீட்டில் எங்கள் பெண் இனி ஒரு நாளும் இருக்கக் கூடாது, இப்படியே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். அக்காவுக்கு அப்போது ஆறாவது மாதம். மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். தாய்மாமன் அவரைத் தள்ளிவிட்டு அத்தைக்கு எதிரே போய் நின்றார்.

"ஊர்ல எறும்பு நொழைஞ்சாக்கூட உங்களுக்குத் தெரியும்னுவாங்க. எங்க மச்சான் உள்ள போனது மட்டும் எப்பிடித் தெரியாமப் போச்சு? அவரு குரல் குடுத்தாரா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

அப்பா குரல் கொடுக்கவில்லை. அம்மாவுக்கு அது தெரியும். வாசலில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்த அக்காவுக்கும் தெரியும். ஆனால் இல்லை என்று அத்தை சொன்னால், தாய்மாமன் அடுத்து என்ன கேட்பார் என்பது எங்கள் எல்லோருக்குமே தெரியும். பெண் கொடுத்தவன் உன் கதவில் கூலிக்காரனைப் போல நின்று கத்தாததுதான் குற்றமா என்பார். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒன்றும் மிஞ்சாது.

அத்தை அவரைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தார்.

"குடுத்தாரு" என்றார். "சம்பந்தி குரல் குடுத்துட்டுத்தான் போனாரு. நான்தான் மறந்துட்டேன். வயசாயிடுச்சு."

தாய்மாமன் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மறந்துபோன கிழவியிடம் என்ன சண்டை போடுவது? அக்கா என் கையைப் பிடித்தாள். அக்கா அன்று இரவு அத்தையோடு அந்த வீட்டுக்கே திரும்பிப் போனாள்.

ஒவ்வொரு கோளாறுக்கும் காரணம், விளைவு, சரிசெய்தது என்று மூன்று கட்டம் போட்டு எழுதுவது என் தினசரி வேலை. அத்தை சொன்ன காரணத்தின் விளைவை நான் முன்கூட்டியே எழுதியிருக்க முடியும். அவருக்கு மறதி வந்துவிட்டது என்பது ஒரு வாரத்துக்குள் ஊர் முழுக்கப் பரவியது. அவரே ஒப்புக்கொண்டார் இல்லையா? அவருக்கே ஞாபகம் இருக்காது, எதற்குக் கூப்பிட வேண்டும் என்று புல் அறுப்பவர்கள் தாமாகவே உள்ளே போக ஆரம்பித்தார்கள். ஆடுகள் வந்தன. மாங்காய் பறிக்கும் பையன்கள் வந்தார்கள். பழைய லைன்மேன் மாறிப் புதிதாக ஒருவர் வந்து, வேலியைத் தாண்டிக் கம்பத்தில் ஏறினார். அத்தை வீட்டு வாசலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாராம். எழுந்திருக்கவில்லை. பொழுது சாயும்போது கூப்பிடுவதும் நின்றுபோனது. யாரெல்லாம் போனார்கள் என்று தெரியாதபோது யாரை வெளியே கூப்பிடுவது? எங்கள் அம்மா கடிகாரத்தைப் பார்த்து விளக்கேற்றப் பழகிக்கொண்டாள்.

பன்றிகள் ஓடையிலேயேதான் படுத்தன. மறுபடி யாரும் வலை கட்டவில்லை.

அப்பா கைத்தடியோடு நடக்க ஆரம்பித்ததும், முதல் வேலையாகத் தன்னைத் தோப்புக்குக் கூட்டிப்போகச் சொன்னார். ஸ்கூட்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். கம்பிக்கதவில் இறங்கி நின்று, பழைய காலம்போல உரக்க, "நான்தான் வந்திருக்கேன். வரலாமா?" என்றார்.

பதில் இல்லை. அப்பா மறுபடி கூப்பிட்டார். ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது முறை கூப்பிடும்போது அத்தை வெளியே வந்தார். நான் நினைத்ததைவிட மெலிந்திருந்தார். கதவுக்கு அந்தப் பக்கமே நின்று, தாழ்ந்த குரலில் பேசினார்.

"கத்தாதீங்க சம்பந்தி. அன்னிக்கும் குரல் குடுத்தீங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். இப்பப் புதுசாக் கத்தினா, ஏன் கத்தறீங்கன்னு கேப்பாங்க. அது அப்பிடியே இருக்கட்டும்."

"நான் குடுக்கலியே" என்றார் அப்பா.

"தெரியும்."

"நீங்க கூப்புட்டீங்க. அதை யாருகிட்டயும் சொல்லல நீங்க."

"கூப்புட்டேன். உங்களுக்குக் கேட்டிருக்காது. ஓடைல இருந்தீங்க."

அப்பா கைத்தடியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"கேட்டுச்சு சம்பந்தி. ரெண்டு தடவையும் நல்லாக் கேட்டுச்சு."

அத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆளுங்களைக் கூப்புடறீங்கன்னு நெனச்சேன். எனக்கு இல்லன்னு இருந்துட்டேன். மருந்து அடிக்கப் போறீங்க போல, அது ஓடை வரைக்கும் வராதுன்னு. என்னைக் கூப்புடறதுன்னா சம்பந்தின்னு கூப்புட்டிருப்பீங்களே."

அத்தை ரொம்ப நேரம் கதவின் கயிற்று வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை எடுத்துவிடப் போவதுபோலக் கை போனது. எடுக்கவில்லை. உள்ளே திரும்பி நடந்தார். வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. அப்பா பதில் வராத கதவைத் தாண்டாமல் என்னோடு திரும்பி வந்தார்.

மறுநாள் பொழுது சாயும்போது நான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வரப்புக்கு அந்தப் பக்கம் அந்தக் குரல் கேட்டது. "உள்ளார யாரு இருக்கறீங்க? வெளிய வாங்க." பல மாதங்களுக்குப் பிறகு. அம்மா கையில் பாத்திரத்தோடு அப்படியே நின்றாள். பிறகு, தனியாக, இன்னொரு முறை.

"சம்பந்தி?"

அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னார்: "இங்கதான் இருக்கேன். வீட்லதான்."

அன்றிலிருந்து அது தினசரி வழக்கமாகிவிட்டது. முதலில் எல்லோருக்குமாக ஒரு குரல். அதற்கு யாரும் பதில் சொல்வதில்லை. பிறகு அப்பாவுக்கென்று ஒரு குரல். அதற்கு அப்பா பதில் சொல்வார். ஊரில் இதையும் மறதிக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டில் கால் ஊனமாக உட்கார்ந்திருப்பவரைத் தோப்புக்குள் தேடுகிறாள் பாவம் என்றார்கள். அப்பாவிடம் அவர் பேசியது அவ்வளவுதான். கம்பிக்கதவில் நின்று கூப்பிட்டால் பதில் வராது. மாலையில் மட்டும் சம்பந்தி என்று ஒரு வார்த்தை.

ஒரு நாள் அப்பாவுக்குப் பழைய புண்ணில் மறுபடி சீழ் வைத்து, மதியமே கிருஷ்ணகிரிக்குக் கூட்டிப்போக வேண்டியதாகிவிட்டது. அம்மாவும் கூட வந்திருந்தாள். நான் கம்பெனியிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கட்டுப் போடும் வரிசையில் உட்கார்ந்திருந்தபோது அக்கா போன் செய்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. இடுப்பில் குழந்தை அழுதது.

அத்தை கூப்பிட்டிருக்கிறார். பதில் வரவில்லை. மறுபடி மறுபடி கூப்பிட்டிருக்கிறார். பிறகு ஓடைக்குள் இறங்கிவிட்டார். பன்றி படுத்திருக்கும் புதர்களை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு போகிறார். அப்பா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார் என்று அக்கா கரையில் நின்று கத்தியிருக்கிறாள். யார் சொன்னாலும் அவர் கேட்கவில்லை. அன்றைக்கும் யாரும் இல்லை என்றுதானே சொன்னேன் என்கிறாராம்.

"அப்பாகிட்ட போனைக் குடுடி" என்றாள் அக்கா. "ஸ்பீக்கர்ல போடறேன்."

கொடுத்தேன். அந்தப் பக்கம் செடிகள் உரசும் சத்தம், குழந்தையின் அழுகை, தூரத்தில் சம்பந்தி சம்பந்தி என்று உடைந்துபோன ஒரு குரல். வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். அப்பா போனை வாயருகே பிடித்துக்கொண்டு, ஓடைக்குள் இருப்பவருக்குக் கேட்க வேண்டுமே என்று, அந்த வராந்தாவே அதிரும்படி கத்தினார்.

"சம்பந்தி! நான் வெளியதான் இருக்கேன். உள்ளார இல்ல. நீங்க மேல வாங்க."

சத்தம் நின்றது. குழந்தைகூட நிறுத்தியது. நாங்கள் காத்திருந்தோம். நர்ஸ் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்; அப்பா கையைக் காட்டிப் பொறுக்கச் சொன்னார்.

கடைசியில் போனுக்கு மிக அருகில் அத்தையின் மூச்சு கேட்டது. கரையேறிவிட்டார். அழுகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் வந்தது அந்தப் பழைய குரல், லைன்மேனைக் கம்பத்திலிருந்து இறக்கிய குரல்.

"இனிமே எங்க போனாலும் சொல்லிட்டுப் போங்க."

"சரிங்க" என்றார் அப்பா.

அத்தை இருந்தவரை, சந்தைக்கானாலும் கல்யாணத்துக்கானாலும், அப்பா தன் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன் கைத்தடியை ஊன்றி அந்தக் கம்பிக்கதவுவரை நடந்துபோய், "நான் கிருஷ்ணகிரி வரைக்கும் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு நிற்பார். உள்ளிருந்து "சரி, போங்க" என்று வந்த பிறகுதான் வண்டியில் ஏறுவார்.